அளவுநாடா யார் கையில்?

கொச்சி மாநகரின் மட்டாஞ்சேரிப் பகுதியிலுள்ள ஜூ டவுன் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து கடக்கச் சில நிமிடங்களே போதும். ஏலமும் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகள், சுற்றுலாப் பயணிகளுக்கான பழம்பொருள் கடைகள், தெருவின் கோடியில் 1568-இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடம், அதனை ஒட்டி மட்டாஞ்சேரி அரண்மனை வளாகம், அவ்வளாகத்தினுள் பழையன்னூர் பகவதி கோயில். சற்றே தள்ளி நடந்தால் குஜராத்தியரின் சமணக் கோயில், கொங்கணி மக்களின் திருமலைத் தேவசுவம் கோயில், மசூதிகள், 1653-இன் கூனன் குரிசு உறுதிமொழியை நினைவூட்டும் தேவாலயம். இவற்றுக்கிடையே பள்ளிக்கூடங்கள். இவை ஒவ்வொன்றையும் மையமாகக் கொண்டு 200 மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்தால், வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, வெற்றிடம் காண்பதே அரிதாகிவிடும்.

வழிபாட்டிடத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் இத்தனை மீட்டருக்குள் போதைப்பொருள் விற்கும் கடை இருக்கலாகாது என்பது, ஏறத்தாழ எல்லா அரசுகளும் கைக்கொள்ளும் விதி. இன்று இவ்விதி மதுக்கடைக்குப் பொருந்துகிறது. உலகின் பல நாடுகளில் அது கஞ்சாக் கடைக்கும் பொருத்தப்பட்டுவிட்டது. கனடா 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. தாய்லாந்து 2022 ஜூனில் அதனைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கி, புற்றீசல்போல் கடைகள் முளைத்த பின்னர், 2025 ஜூனில் மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது எனக் கட்டுப்படுத்தியது. ஜெர்மனி 2024 ஜூலை 1 முதல் உறுப்பினர் சங்கங்களின் வழி வளர்த்துப் பகிர இசைந்து, அச்சங்கங்கள் பள்ளிகளிலிருந்தும் சிறுவர் விளையாட்டிடங்களிலிருந்தும் 200 மீட்டர் தள்ளியிருக்க வேண்டுமென விதித்தது. இந்தியாவிலும் 2024 செப்டம்பரில் இமாச்சலப் பிரதேசச் சட்டமன்றம் மருத்துவ, தொழில் பயன்பாட்டுக்கான கஞ்சாச் சாகுபடிக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்பது தனி விவாதம். ஆனால், கடை எங்கே அமையலாம் என்ற கேள்வி அதற்குப் பின்னர் வரும் நிர்வாக விவரமன்று. முன்னரே கேட்கப்பட வேண்டிய அரசியல் கேள்வி. எத்தனை மீட்டர் என்பதைவிட, அளவுநாடாவைப் பிடிப்பது யார் என்பதே அதன் உட்பொருள்.

ஒரே ஊரில் இரு ஆட்சிகள்

கஞ்சாவும் கொச்சியும் ஒன்றையொன்று அறியாதவையல்ல. டச்சுக் கம்பெனியின் மலபார்த் தளபதியாகக் கொச்சியில் இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் முதலியோரின் துணையுடன் தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ்’ என்னும் தாவரக் களஞ்சியம் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. அதன் பத்தாம் தொகுதியில் கஞ்சாச் செடி அதன் மலையாளப் பெயரோடே பதிவாகியுள்ளது. நாட்டு மருத்துவம் நன்கறிந்திருந்த செடி அது.

ஆங்கிலேயர் காலத்தில் அச்செடி வருவாய்ப் பொருளாயிற்று. சென்னை மாகாணத்தில் கஞ்சா விற்கும் கடைகளுக்கான உரிமையை அரசு ஏலம் விட்டது. இன்றைய கொச்சி அன்று ஓர் ஆட்சியின் கீழ் இருக்கவில்லை. கோட்டைக் கொச்சி, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த ஆங்கிலேயப் பகுதி. அதனை அடுத்துள்ள மட்டாஞ்சேரியும் ஜூ டவுனும் கொச்சி மன்னரின் சமஸ்தானம். எல்லைக்கோட்டைத் தாண்டினால் வேறு சட்டம், வேறு உரிமம், வேறு கலால் வரி. குடிப்பவனும் புகைப்பவனும் சுமை தூக்குபவனும் ஒரே மக்கள். கோடு மட்டும் கருவூலங்களுக்காக வரையப்பட்டது.

கேரளத்தில் இன்றும் நடைமுறையிலுள்ள அப்காரிச் சட்டத்தின் அதிகாரபூர்வ எண் ‘1077-இன் 1’ என்பதாகும். கொல்லம் ஆண்டு 1077 என்பது பொது ஆண்டு 1902-ஐ ஒட்டியது. அதாவது, கொச்சி சமஸ்தானம் தன் கருவூலத்துக்காக இயற்றிய சட்டமே, 1967-இல் திருத்தப்பட்டுக் கேரளம் முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மதுவையும் போதைச் சரக்கையும் ஒரே சட்டகத்தில் வைத்து, உரிமம் வழங்கும் அதிகாரத்தை மேலேயும் அதன் விளைவைத் தாங்கும் கடமையை மக்கள் தலையிலும் வைத்த அந்தச் சமஸ்தானப் பார்வை, மக்களாட்சிக் காலத்திலும் உதிரவில்லை.

அன்றே எழுந்த கேள்வி

1893-இல் ஆங்கிலேய நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியின் விளைவாக இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. நாடெங்கும் சுற்றி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அக்குழு, 1894-இல் அறிக்கை அளித்தது. மிதமான பயன்பாடு பெருந்தீங்கு விளைவிப்பதில்லை என்றும், முற்றாகத் தடை செய்வது தேவையுமன்று, உகந்ததுமன்று என்றும், வரியாலும் கட்டுப்பாட்டாலும் பயன்பாட்டை வரம்புக்குள் வைக்க வேண்டும் என்றும் அது முடிவு கூறிற்று.

அந்த அறிக்கையைக் காலனியத்தின் கருணைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்றுண்டு. சாட்சிகளிடம் குழு கேட்ட கேள்விகளுள் ஒன்று, ஓரிடத்தில் கடை திறக்கப்படுமுன் அவ்விடத்து மக்களின் விருப்பம் எவ்வகையிலேனும் கேட்டறியப்படுகிறதா, அவ்வாறு கேட்கப்படும் கருத்துக்கு உரிய மதிப்பு தரப்படுகிறதா, தரப்பட வேண்டுமா என்பதாகும். கேள்வி சரியானது. ஆனால், உரிமமும் ஏலமும் மாவட்ட ஆட்சியரின் மேசையைவிட்டு இறங்கவில்லை. கருத்துக் கேட்பது ஆட்சியாளனின் பெருந்தன்மையாக இருந்ததேயன்றி, கருத்துச் சொல்வது மக்களின் உரிமையாக இருக்கவில்லை.

விடுதலைக்குப் பின், 1961-இன் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை ஒட்டி, 1985 நவம்பர் 14 அன்று போதைப்பொருள் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பூவும் காயும் கொண்ட நுனி கஞ்சா எனப்பட்டுத் தடைக்குள்ளாயிற்று. தனித்த இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே விடப்பட்டன. ஆதலால்தான் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் உள்ளன. ஒரே செடியின் இலைக்கு அரசே உரிமம் தருகிறது. பூவுக்குச் சிறை காத்திருக்கிறது. அந்தச் சிறை முதலில் யாருக்குத் திறக்கிறது என்பதை மட்டாஞ்சேரியின் சுமைத் தொழிலாளியும், வேலை தேடிக் கேரளம் வந்த வங்காளத்து, ஒடிசா இளைஞனும் நன்கறிவர். நட்சத்திர விடுதியின் அறைக்கதவைத் தட்டத் தயங்கும் காவல்துறை, தொழிலாளர் தங்கும் கூடத்தின் கதவைத் தட்டத் தயங்குவதில்லை.

நட்சத்திரத்துக்கு 50, கள்ளுக்கு 400

தொலைவு விதியின் வர்க்க உள்ளடக்கத்தை அறிய எதிர்காலக் கஞ்சாக் கடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைய மதுக்கடையே போதும்.

கேரளத்தின் 2002-ஆம் ஆண்டு அப்காரிக் கடை விதிகள், கள்ளுக்கடை ஒன்று கல்வி நிறுவனம், வழிபாட்டிடம், இடுகாடு, பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 400 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்கின்றன. மதுக்கூடங்களுக்கோ 200 மீட்டர் என்றிருந்தது. 2017 ஆகஸ்டில் மாநில அரசு நான்கு நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற்ற விடுதிகளுக்கும் பாரம்பரிய விடுதிகளுக்கும் அதனை 50 மீட்டராகச் சுருக்கியது. மூன்று நட்சத்திர விடுதிக்குப் பழைய 200 மீட்டரே நீடித்தது.

இதன் பொருளைச் சொற்களில் பெயர்த்துப் பார்க்க வேண்டும். தென்னை ஏறும் தொழிலாளியின் உழைப்பில் இறங்கும் கள், பள்ளிக் குழந்தையிடமிருந்து 400 மீட்டர் விலக வேண்டும். பன்னாட்டு நிறுவனத்தின் மது, குளிரூட்டிய கூடத்தில் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றப்பட்டால் 50 மீட்டர் போதும். குழந்தை அதே குழந்தை. கோயில் அதே கோயில். மாறியது வாடிக்கையாளரின் பணப்பை மட்டுமே. பாரம்பரிய விடுதிகளும் சுற்றுலாவும் செறிந்த கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி போன்ற பகுதிகளில் இத்தகைய தளர்வு யாருக்குப் பயன்படும் என்பது விளக்கம் வேண்டாத செய்தி.

தொலைவு விதியை ஏய்ப்பதற்கான எடுத்துக்காட்டும் எர்ணாகுளம் மாவட்டத்திலேயே கிடைக்கிறது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கலாகாது என 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கு அது. 2017 ஏப்ரலில் அத்தீர்ப்பு நடைமுறைக்கு வந்தபோது, வடக்குப் பரவூரிலிருந்த ஒரு மதுக்கூடம் இடம் மாறவில்லை. வாசலுக்கு முன் வளைந்து நெளியும் சுவர்களை எழுப்பி, வாடிக்கையாளர் நடக்க வேண்டிய தொலைவை 500 மீட்டருக்கு மேல் நீட்டியது. சட்டம் தொலைவைக் கேட்டது; முதலாளி தொலைவைக் கட்டிக் கொடுத்தான். மாநில அரசுகளோ இன்னும் எளிய வழியைக் கண்டன. நெடுஞ்சாலைகள் பலவற்றின் தகுதியை மாற்றிப் பெயரளவில் உள்ளூர்ச் சாலைகளாக்கின. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் அத்தடை பொருந்தாது என நீதிமன்றமே விளக்கமளித்தது.

நெடுஞ்சாலையிலிருந்து அகற்றப்பட்ட கடைகள் எங்கே சென்றன? தமிழ்நாட்டு மக்கள் அதற்கு விடை சொல்வார்கள். அவை ஊர்களுக்குள்ளும் குடியிருப்புகளுக்குள்ளும் வந்தன. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் டாஸ்மாக் கடையை எதிர்த்துத் தெருவில் அமர்ந்த பெண்கள் காவல்துறையின் தடியடிக்கு ஆளாயினர். அதற்கு முன்னரே, 2015 ஜூலை 31 அன்று, குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் கடையை அகற்றக் கோரிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிர் துறந்தார். தமிழ்நாட்டு விதியின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டரும் ஏனைய இடங்களில் 100 மீட்டரும் போதும். அந்த அளவும் கோயிலுக்கும் பள்ளிக்குமே பொருந்தும். வேலை முடிந்து கூலியோடு வீடு திரும்பும் தொழிலாளியின் வாசலுக்கும் கடைக்கும் எத்தனை மீட்டர் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை.

சாலையின் இருபுறம்

கஞ்சாக் கடைகளின் அனுபவமும் இதற்கு மாறானதன்று. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் பள்ளியிலிருந்து 150 மீட்டர் என்று விதித்தது. கடையே வேண்டாமென ஒதுங்கிக்கொள்ள நகராட்சிகளுக்கு 2019 ஜனவரி 22 வரை கெடு அளித்தது. ஆனால், கடைகளை அனுமதிக்கும் நகராட்சி, அவை எந்தத் தெருவில் எவ்வளவு இடைவெளியில் அமையலாம் எனத் தனி விதி வகுக்க இடமளிக்கவில்லை. ஒன்று முற்றாக மறுக்கலாம். அன்றேல் சந்தை காட்டும் இடத்தை ஏற்கலாம்.

தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோ, கடைகளை ஏற்ற டொரொன்டோ மாநகரைச் சேர்ந்தது. அதற்கு வடக்கே, தமிழர்கள் வாழும் மற்றொரு நகரான மார்க்கம் வேண்டாமென்று ஒதுங்கியது. இரண்டுக்கும் எல்லை ஸ்டீல்ஸ் சாலை. சாலையின் ஒருபுறம் கடை திறக்கலாம்; மறுபுறம் கூடாது. மறுபுறத்துக்காரருக்கு வேண்டுமாயின் சாலையைக் கடந்தால் போதும். கோட்டைக் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையிலான பழைய கோடு வேறு கண்டத்தில் மறுபிறவி எடுத்ததுபோல் இருக்கிறது இது. ஓரூர் தன் தெருவைத் தூய்மையாக வைத்துக்கொண்டு, கடையின் சுமையைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிட முடிகிறது.

கொச்சியின் கஞ்சாச் செடியை அச்சில் ஏற்றிய ஆம்ஸ்டர்டாமில், மேல்நிலைப் பள்ளிகளிலிருந்து 250 மீட்டருக்குள் இருந்த கஞ்சாக் கடைகள் 2014 முதல் படிப்படியாக மூடப்பட்டன. கலிபோர்னியாவில் 2016-இன் மக்கள் வாக்கெடுப்பு கஞ்சாவை அனுமதித்தபோது, கடையை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நகரின் உரிமை என வகுக்கப்பட்டது. அதே மாநிலத்தின் ஓக்லாந்து நகரம் 2017-இல் இன்னொரு கேள்வியையும் எழுப்பியது: தடைக் காலத்தில் சிறைக்குச் சென்றவர்கள் கறுப்பின ஏழைகளாயிருக்க, சட்டபூர்வமான பின் இலாபம் மட்டும் செல்வந்தருக்குச் சேர்வது நீதியா? பாதிக்கப்பட்ட பகுதி மக்களுக்கு உரிமத்தில் முன்னுரிமை அளிக்கும் திட்டத்தை அந்நகரம் தொடங்கியது. முதலாளித்துவச் சந்தைக்குள் நின்று செய்யப்படும் இத்தகைய ஒட்டுவேலைகளுக்கு வரம்புண்டு. எனினும், கடை எங்கே என்ற கேள்வியோடு இலாபம் யாருக்கு என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

கைவிடப்பட்ட அதிகாரம்

இவ்விடத்தில் இடதுசாரி இயக்கம் தன்னைநோக்கியும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளது. 1996 ஆகஸ்டில் கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளின் கையில் அளித்து, ஊர்க்கூட்டத்துக்கு உயிரூட்டியது இடது முன்னணியே. இந்திய மக்களாட்சிக்கு அது வழங்கிய பெருங்கொடை அது.

ஆனால், 2017-இல் அதே முன்னணியின் அரசு, ஊராட்சிச் சட்டத்தின் 232-ஆம் பிரிவிலும் நகராட்சிச் சட்டத்தின் 447-ஆம் பிரிவிலும் திருத்தம் கொண்டுவந்து, மதுக்கடை திறக்க உள்ளாட்சியின் இசைவு தேவை என்ற நிபந்தனையை நீக்கியது. இதற்குக் கூறப்பட்ட காரணங்களைப் புறங்கையால் தள்ளிவிட முடியாது. முந்தைய ஆட்சி 2014-இல் ஐந்து நட்சத்திரம் தவிர்த்த மதுக்கூடங்களை மூடியபோது, அங்கு வேலை செய்த தொழிலாளர்கள் தெருவில் நின்றனர். சுற்றுலா வருவாய் குன்றும் என்ற அச்சமும் இருந்தது. உள்ளாட்சியின் இசைவுச் சான்று சில இடங்களில் பேரம்பேசும் கருவியாவதும் நடக்கக் கூடியதே.

ஆயினும், அதிகாரம் தவறாகப் பயன்படும் என்பதற்காக மக்களிடமிருந்து அதனைப் பறிப்பது மக்கள் திட்டத்தின் தருக்கமன்று. அது சமஸ்தானத்தின் தருக்கம். குடிநீர்க் குழாய் எந்தத் தெருவில் வர வேண்டும் என முடிவு செய்யத் தகுதியுள்ள ஊர்க்கூட்டம், மதுக்கடை எந்தத் தெருவில் வரலாம் என முடிவு செய்யத் தகுதியற்றதாகிவிடுமா? வேலையிழந்த தொழிலாளிக்கு மாற்று வேலை தருவது அரசின் கடமை. அக்கடமைக்கு ஈடாக வேறொரு தொழிலாளியின் மனைவியுடைய குரலை அடைப்பது தீர்வாகாது.

ஒழுக்கவாதம் தீர்வாகாது

இதற்கு மறுபுறத்தில் மற்றொரு பொறி காத்திருக்கிறது. மதவாத அமைப்புகள் கோயிலின் புனிதத்தையும் பண்பாட்டையும் முன்னிறுத்திக் கடை எதிர்ப்பைத் தம் வசமாக்க முயல்கின்றன. தொலைவு விதி வழிபாட்டிடத்தையே அளவையின் மையமாகக் கொண்டிருப்பது அவர்களுக்கு வாய்ப்பாகிறது. யாருடைய கோயில், யாருடைய மசூதி என்ற பூசலாக அது திரியத் தாமதமாகாது. பல மதத்தாரும் பல மொழியினரும் தோளுரசி வாழும் மட்டாஞ்சேரியில் அந்தத் தீப்பொறியின் விளைவு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உழைக்கும் மக்கள் கடையை எதிர்ப்பது தெய்வத்தின் மனம் புண்படும் என்பதற்காக அன்று. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், பிள்ளை பள்ளிக்குச் செல்ல வேண்டும், இரவில் பெண் அச்சமின்றித் தெருவில் நடக்க வேண்டும் என்பதற்காக. அளவையின் மையம் அங்கே இருக்க வேண்டும்.

அவ்வாறே, போதைக்கு அடிமையானவரைக் குற்றவாளியாக நிறுத்துவதும் மக்கள் கோரிக்கையாகாது. கேரள அரசின் ‘விமுக்தி’ இயக்கம் மாவட்டங்களில் நடத்தும் போதைமீட்பு மையங்கள் சரியான திசையிலான அடி. கலால் வருவாயின் அளவோடு ஒப்பிட்டால் அந்த அடி மிகச் சிறியது.

ஆகவே, மது இன்றும் வேறெதுவும் நாளையும் எங்கே விற்கப்படலாம் என்பதற்கு இடதுசாரிகள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. முதலாவது, கடையின் இடத்தை ஏற்கவும் மறுக்கவும் ஊர்க்கூட்டத்துக்கும் நகரங்களில் வார்டு அளவிலான மக்கள் அவைக்கும் சட்டபூர்வ அதிகாரம் மீண்டும் வேண்டும். அந்த அவைகளில் பெண்களின் பங்கேற்பு உறுதி செய்யப்பட வேண்டும். இரண்டாவது, நட்சத்திரத்துக்கு ஒன்று, கள்ளுக்கு ஒன்று என்ற இரட்டை அளவுகோல் ஒழிக்கப்பட வேண்டும். மூன்றாவது, அங்கன்வாடி, தொழிலாளர் குடியிருப்பு, மீனவர் குப்பம், பட்டியல் சாதி மக்களின் குடியிருப்பு ஆகியவை வழிபாட்டிடத்துக்கு நிகரான பாதுகாப்பைப் பெற வேண்டும். ஒரு பகுதியில் இத்தனை கடைகளுக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பும் வேண்டும். நான்காவது, கடை நிற்கும் வார்டிலேயே அதன் வருவாயில் ஒரு பங்கு மருத்துவத்துக்கும் போதைமீட்புக்கும் செலவிடப்பட வேண்டும். ஐந்தாவது, கஞ்சா பற்றிய சட்டம் என்றேனும் மாறுமாயின், அது பெருநிறுவனச் சங்கிலிக் கடைகளுக்கான புதிய சந்தையாகத் திறந்துவிடப்படக் கூடாது. இக்குற்றத்தின் பேரில் சிறையில் வாடும் எளிய மக்களின் விடுதலையிலிருந்து அம்மாற்றம் தொடங்க வேண்டும்.

மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் ஒருகாலத்தில் ‘சாப்பா’ முறை இருந்தது. ஒப்பந்தக்காரனின் ஆள் உலோக வில்லைகளைக் கூட்டத்தின்மேல் வீசுவான். தள்ளுமுள்ளில் எட்டிப் பிடித்தவனுக்கு அன்று வேலை. பிடிக்காதவன் வீட்டில் பட்டினி. அதனை எதிர்த்து எழுந்த தொழிலாளர்கள்மீது 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைதும் செய்தாலவியும் குண்டுக்குப் பலியாயினர். தங்கள் வாழ்வைப் பற்றிய முடிவு மேலேயிருந்து வீசப்படுவதை ஏற்க மறுத்ததே அவர்கள் செய்த குற்றம்.

அந்த மண்ணில் இன்று வீசப்படுவது வில்லையல்ல, உரிமம். எந்தத் தெருவுக்கு எந்தக் கடை என்பதைத் தலைநகரத்தின் கோப்பு முடிவு செய்கிறது; தெருவில் வாழ்பவர் மறுநாள் பெயர்ப்பலகையைப் பார்த்து அறிந்துகொள்கிறார். அளவுநாடாவை அந்தத் தெருவின் மக்களிடம் ஒப்படைக்க வேண்டும். மக்கள் திட்டத்தைத் தந்த இயக்கமே அக்கோரிக்கையை முன்னின்று எழுப்ப வேண்டும்.